அது வாசம் இல்லீங்க, அழுக்கு

சித்திரை வெயிலில் கார் வாங்கியது ஒரு வகையில் என் அதிர்ஷ்டம். மார்கழியில் வாங்கியிருந்தால் நான் ஏமாந்தது தெரியவே நாலு மாதம் ஆகியிருக்கும்.

திருப்பூரில் ஒரு கார் கன்சல்டிங்கில் பத்து வருடம் ஓடிய சின்ன வண்டி ஒன்று பார்த்தோம். மனைவியின் முழங்கால் பஸ் படி ஏற மறுத்துவிட்டதால் பென்ஷன் சேமிப்பிலிருந்து 2 லட்சத்து 60 ஆயிரம் எடுத்தேன். கதவைத் திறந்ததும் வெனிலா மணம். டாஷ்போர்டில் ஒரு பெர்ஃப்யூம், ஏசி வாயில் ஒன்று, பின் சீட்டுக்கு அடியில் ஒன்று. மூன்று எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆபீசில் ஒரே தாளில் மூன்று இடத்தில் ஒயிட்னர் இருந்தால் கோப்பை அப்படியே திருப்பி அனுப்புகிறவன் நான். காருக்கு மயங்கிவிட்டேன்.

நாலாம் நாள் மதியம். இரண்டு மணி நேரம் வெயிலில் பூட்டி நின்ற காரைத் திறந்தபோது, சாம்பல் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தது போல இருந்தது. பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள். அன்று ராத்திரி அவளுக்கு இழுப்பு வந்து நெபுலைசர் வைத்தோம். காரால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் புகை இவளுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னது போன வருடமே.

மறுநாள் விற்றவரிடம் போனேன். "ஏனுங்க சார், வாசம்தானுங்க? ஏசியப் போட்டு நாலு நாள் ஓட்டுனீங்கன்னா போயிருமுங்க. வேணும்னா இன்னொரு பெர்ஃப்யூம் தாரனுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என் சண்டை அவரோடு இல்லை, அந்த "வாசம்தானுங்க" என்ற சொல்லோடு.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் 'காஷ்-மிசேர்' என்று ஒரு சொல் உண்டு. உள்ளே இருக்கும் கந்தலை மறைக்க மேலே மாட்டிக்கொள்ளும் நல்ல உடுப்பு. காரில் தொங்கும் வெனிலா அதேதான். நிகோடின் என்ற பெயரும் ஒரு பிரெஞ்சுக்காரரால் வந்ததுதான். போர்ச்சுகலில் தூதராக இருந்த ழான் நிகோ 1560 வாக்கில் தலைவலிக்கு மருந்து என்று புகையிலையைத் தங்கள் அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். அந்த மருந்துதான் இன்று என் கார் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆமாம், ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. புகையில் வரும் தாரும் நிகோடினும் கண்ணாடியிலும் சீட்டிலும் கூரைத் துணியிலும் படிந்துவிடும். கார் சூடானால் மறுபடி காற்றில் கலக்கும். சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மாட் என்பவரின் குழு விற்பனைக்கு வந்த பழைய கார்களையே சோதித்து, புகைத்தவர்களின் வண்டியில் தூசியிலும் சீட்டிலும் காற்றிலும் நிகோடின் இருப்பதைக் காட்டியது. இப்படிப் படிந்த நிகோடின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களாக மாறுகிறது என்று 2010-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் வெளியிட்டது. இதற்குப் பெயர் வாசமா?

இந்த ஊரில் இது அதிகம் என்பது என் எண்ணம். காரணம் பஞ்சு. பனியன் கம்பெனிக்குள் ஒரு பொறி விழுந்தால் போதும், அதனால் உள்ளே யாரும் பற்ற வைப்பதில்லை. வீட்டில் சம்சாரம் விடுவதில்லை. மிச்சம் இருப்பது கார். கண்ணாடியை ஏற்றி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் போட்டு, பல்லடம் போய் வருவதற்குள் நாலு சிகரெட். அந்தப் புகை முழுக்க ஏசி காயிலுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் என் மருமகன் சொல்வார்: அட்டைப்பெட்டியைத் திறக்கும்போது பனியனில் வேண்டாத நாற்றம் அடித்தால் பையர் லாட்டையே தள்ளிவிடுவான். வெளிநாட்டுக்காரன் போடும் பனியனுக்கு அந்த மரியாதை. நம் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்கு வெனிலா!

பத்து நாள் பாடுபட்டேன். முதலில் மூன்று பெர்ஃப்யூமையும் தூக்கி எறிந்தேன், அவை இருக்கும்வரை மூக்கு உண்மையைச் சொல்லாது. கிளவ் பாக்ஸைக் கழற்றி கேபின் ஃபில்டரை எடுத்தால் டீ வடிகட்டி போல இருந்தது. புதிது மாற்றினேன். நிகோடின் காரத்தன்மை உடையது, அதனால் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகருக்கு இளகும். கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தேன். வெள்ளைப் பனியன் வேஸ்ட் மஞ்சளாக வந்தது. பேத்தியிடம் காட்டவில்லை. சீட் துணியை ஷாம்பு போட்டு வேக்குவத்தில் உறிஞ்ச ஆள் வைத்தேன். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துத் துவைக்க வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கூரைத் துணியை மட்டும் ஊற வைக்கக் கூடாது, பசை விட்டுத் தொங்கிவிடும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஏசி காயிலைத் தனியாகச் சுத்தம் செய்தார்கள். ராத்திரியில் சமையல் சோடாவைச் சீட்டில் தூவி, காலையில் உறிஞ்சினேன். ஓசோன் மெஷின் வைக்கலாம் என்றார் ஒருவர். ஓசோன் நுரையீரலுக்கு ஆகாத வாயு, இழுப்புள்ள குழந்தை ஏறும் வண்டி, வேண்டாம் என்றுவிட்டேன். மொத்தம் 6 ஆயிரத்துச் சொச்சம். சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், சில கறை ஒரு வாஷில் போகாது. முக்கால்வாசி போயிற்று.

என் கேள்வி இதுதான். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 என்று கையெழுத்து வாங்குகிறீர்கள். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், கடன் விவரம் எல்லாம் அதில் உண்டு. இந்த வண்டியில் புகைத்தார்களா என்ற ஒரு வரியை, சட்டம் கேட்காவிட்டாலும், விற்கிறவர் வாயால் சொன்னால் என்ன? விலையைக் கொஞ்சம் குறைத்து உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கவும் கூடும். பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2-லிருந்து இருக்கிறது, மீறினால் 200 ரூபாய். சொந்தக் காருக்கு அது பொருந்தாது. பிரான்சும் இங்கிலாந்தும் 2015-லேயே குழந்தை இருக்கும் காரில் புகைப்பதைக் குற்றமாக்கிவிட்டன. நமக்கு மட்டும் அது "அவரவர் வண்டி". அந்த வண்டிதான் நாளைக்கு அடுத்தவர் வண்டி ஆகிறது.

வாங்கப்போகும் நண்பர்களே, காலையில் போகாதீர்கள். மதியம் போங்கள், கண்ணாடியை ஏற்றி அரை மணி வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு கூரைத் துணியில் மூக்கை வையுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இவ்வளவு பேசும் நான் யோக்கியனா என்று கேட்பீர்கள். இருபத்திரண்டு வருடம் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தவன்தான். எதிர் மேஜைக்காரர் இருமினால் ஃபேனைக் கூட்டி வைப்பேன், அவ்வளவுதான். என் சட்டைகளை என் மனைவி தனியாக ஊற வைப்பாள். ஏன் தனியாக என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளை அவிநாசி கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஏறி உட்கார்ந்து ஒரு முறை மூச்சை இழுத்தாள். "பரவாயில்லை. உங்க சட்டைக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள்.

கார் இப்போது வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நாலு கண்ணாடியும் இறக்கித்தான் வைத்திருக்கிறேன்.