மூன்றாம் முறை போகிறவன்

சென்ற பொங்கல் விடுமுறையில் நாம் தேனியிலிருந்து கம்பத்துக்குப் பிரயாணம் செய்துகொண்டிருந்தோம். சின்னமனூரைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் இரண்டாம் போக நெற்பயிர். அதை அடுத்துத் திராட்சைப் பந்தல்கள். தொலைவில் நீல மலை. எல்லாம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரின் கிருபை. ஒரு கிராமத்தின் எல்லையில் விளக்குகளும் ஒலிபெருக்கியும் பெருங்கூட்டமும் நம் வண்டியை நிறுத்திவிட்டன. உள்ளே சடுகுடுப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. இப்போது எல்லோரும் கபடி என்றுதான் சொல்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன? மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம், மூச்சும் முழங்காலும் இருந்தால் போதும் என்கிற நம் நாட்டு விளையாட்டு அது. 1936ஆம் வருஷத்தில் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி இளைஞர்கள் இதை ஆடிக் காட்டினார்கள். 1990ஆம் வருஷத்தில் பீஜிங் ஆசியப் போட்டியில் இது பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று.

ஆனால் நாம் இங்கே சொல்ல வந்தது சடுகுடுவின் சரித்திரமல்ல. அன்று இரவு களத்தின் ஓரத்தில் கேட்ட ஒரு வழக்கைப் பற்றியது.

உள்ளூர் அணியில் ஓர் இளைஞன் இருந்தான். வயது இருபதுக்கு மேல் இராது. கம்பம் மெட்டுக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை. விடியுமுன் ஜீப்பில் ஏறினால் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன். அவனை மாவட்டப் போட்டிக்கு அனுப்பும் பன்னிரண்டு பேரில் சேர்ப்பதா, விடுவதா என்பதுதான் வழக்கு. "அவனுக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும்" என்றார்கள் ஒரு கட்சியார். "அந்த ஒரு வித்தை வேறு எவனுக்குத் தெரியும்?" என்றார்கள் மறு கட்சியார்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சடுகுடு பார்த்திராத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. களத்தில் பக்கத்துக்கு ஏழு பேர். வெளியே மாற்றாட்களாக ஐந்து பேர். ஒருவன் நடுக்கோட்டைத் தாண்டி, மூச்சு விடாமல் பாடிக்கொண்டு, எதிரிகளைத் தொட்டுவிட்டு 30 விநாடிக்குள் திரும்ப வேண்டும். தொட்டால் புள்ளி, பிடிபட்டால் ஆட்டத்தை விட்டு வெளியே. தொடாமலும் பிடிபடாமலும் சும்மா திரும்பிவிட்டால் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. இப்படிச் சும்மா போய்வந்து காலம் கடத்துகிற சாமர்த்தியசாலிகளை அடக்க ஒரு விதி வந்திருக்கிறது. 2014ஆம் வருஷத்தில் தொடங்கிய புரோ கபடி லீக் இதை நாடெங்கும் பிரபலப்படுத்தியது. கிராமத்துப் பந்தயங்களிலும் இன்று இதைக் காணலாம். ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை போகிறவன் புள்ளி எடுத்தே தீர வேண்டும். எடுக்காவிட்டால் அவன் வெளியே. எதிரிக்கு ஒரு புள்ளி. இதற்கு இங்கிலீஷில் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'செய் அல்லது செத்து மடி' என்றாகிறது. 1942ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தேசமெல்லாம் கேட்ட அந்த மந்திரம், சடுகுடுக் களத்தில் இப்படி வந்து நிற்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

நம் ஏலத்தோட்டத்து இளைஞனின் ஒரே வித்தை இந்த மூன்றாம் முறைதான். முதல் இரண்டு முறைகளிலும் எதிரிகள் விலகி நிற்பார்கள்; தொடவும் விடமாட்டார்கள், பிடிக்கவும் வரமாட்டார்கள். மூன்றாம் முறை வந்தவுடன் ஏழு பேரும் வலை போல் நெருங்குவார்கள். போகிறவன் வந்தே ஆக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சாதாரண ஆட்டக்காரன் அங்கே அஞ்சுவான். இவனோ, அவர்கள் நெருங்குவதே தனக்குச் சௌகரியம் என்று நினைப்பவன். நெருங்கி வருகிறவனைத்தானே தொட முடியும்!

இந்த மாதிரி ஒற்றைக் காரியக்காரர்கள் உலகத்தின் வேறு மூலைகளிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில், கால்பந்து என்று பெயர் வைத்துப் பெரும்பாலும் கையாலேயே ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. அதில் ஒரு பக்கத்தார் பந்தை வெகுதூரம் உதைப்பார்கள். மறு பக்கத்தில் ஒருவன் அதைப் பிடித்து, பாய்ந்து வரும் பதினொரு பேருக்கு நடுவே புகுந்து திரும்பி ஓட வேண்டும். ஓர் ஆட்டத்தில் இந்த வேலை அவனுக்குச் சில தடவைகள்தான் வரும். சிகாகோ பேர்ஸ் அணியின் டெவின் ஹெஸ்டர் இதில் மன்னன். 2007ஆம் வருஷம் பிப்ரவரி 4ஆம் தேதி நடந்த சூப்பர் பவுல் இறுதிப் பந்தயத்தில், முதல் உதையையே பிடித்து 92 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டார். அன்று இண்டியானாபோலிஸ் அணியார் அதற்குப் பிறகு அவருக்கு வசதியாகப் பந்தை உதைக்கத் துணியவில்லை. உருட்டியும் குறுக்கியும் உதைத்தார்கள். அப்படி உதைத்தால் பந்து வெகுதூரம் போகாது. ஹெஸ்டர் ஓடாமலே அவருடைய அணிக்கு நிலம் கிடைக்கும். 2024ஆம் வருஷத்தில், பந்தைத் திருப்பி ஓடிய திறமை ஒன்றையே பிரதானமாகக் கொண்டு, அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட முதல் வீரர் அவர்தான்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒற்றைக் காரியக்காரனின் மதிப்பை அவன் எடுத்த புள்ளியால் மட்டும் அளக்கக் கூடாது. அவன் இருக்கிறான் என்பதற்காக எதிரி எதையெல்லாம் செய்யாமல் விடுகிறான் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். சடுகுடுவிலும் அப்படியே. மூன்றாம் முறைக்கு நம்பிக்கையான ஆள் ஒருவன் இருந்தால், முதல் இரண்டு முறை போகிறவர்கள் பதறாமல் போய்வரலாம். எதிரிகளோ இரண்டாம் முறையிலேயே அவசரப்பட்டுக் கை நீட்டுவார்கள். அந்த அவசரத்தில் கிடைக்கும் புள்ளி வேறொருவன் பெயரில் ஏறும். ஆனால் அதைச் சம்பாதித்தவன், பாடாமல் தன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நம் இளைஞன்தான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நாம் மறைக்கக் கூடாது. அமெரிக்க ஆட்டத்தில், பந்தைத் திருப்பி ஓடியவன் வேலை முடிந்ததும் வெளியே போய் உட்காரலாம். அவன் இடத்துக்கு வேறொருவன் வருவான். சடுகுடுவில் அந்தச் சௌகரியம் இல்லை. மாற்றாட்களை நினைத்தபோதெல்லாம் இறக்க முடியாது. தன் முறை இல்லாத வேளையிலும் அவன் ஏழு பேரில் ஒருவனாகக் கை கோத்து நின்று, வருகிற எதிரியைப் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தெரியாதவன் சங்கிலியில் இற்றுப்போன கண்ணி. இன்னொன்றும் உண்டு. வெளியே போனவன், தன் பக்கத்தார் புள்ளி எடுத்தால்தான், அதுவும் வெளியேறிய வரிசைப்படிதான் உள்ளே வரலாம். மூன்றாம் முறை வரும் நேரத்தில் அவன் வெளியே உட்கார்ந்திருந்தால், வித்தை இருந்து என்ன பிரயோஜனம்? விதி மாறினால் வித்தையே போய்விடும் என்பதும் உண்மை. 2011ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் உதைக்கும் இடத்தை ஐந்து கெஜம் முன்னே தள்ளினார்கள். பந்து களத்தைத் தாண்டியே போகத் தொடங்கியது. திருப்பி ஓடுகிற சந்தர்ப்பங்கள் குறைந்துவிட்டன.

அன்று இரவு நடந்ததைச் சொன்னால் இந்த வாதங்களின் எடை விளங்கும். இரண்டாம் பாதியில் இரு பக்கமும் சமம். அணித் தலைவனுக்கு என்ன அவசரமோ, சாதாரணமான முதல் முறைக்கே அந்த இளைஞனை அனுப்பிவிட்டான். அவன் போனான், மூலையில் நின்றவன் கணுக்காலைப் பற்றினான், வெளியே வந்து உட்கார்ந்தான். கடைசி நிமிஷத்தில் மூன்றாம் முறை வந்தது. போகத் தெரிந்தவன் கோட்டுக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போனவன் திரும்பவில்லை. ஒரு புள்ளியில் ஆட்டம் போயிற்று.

கூட்டம் யாரைத் திட்டியது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. "பிடிபட்டுப் போய் உக்காந்தானே, அவனாலதான்!" என்று தலைவனும் அதில் சேர்ந்துகொண்டான். பக்கத்தில் நின்ற பெரியவர், முன்பு டிரில் மாஸ்டராக இருந்தவர், அவனைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்பிள்ளே, சவரக் கத்தியைக் கொண்டுபோய் விறகு வெட்டிட்டு, முனை மழுங்கிப் போச்சுன்னு கத்தியைத் திட்டுறியே!"

"அதுக்கு இல்லே, மாமா. அவன் பிடிக்கவும் மாட்டேங்கிறான்..."

"பிடிக்கக் கத்துக் குடுத்தியா? அவன் தோட்டத்திலேருந்து வர்றப்போ நீ விளக்கை அணைச்சிட்டு வீட்டுக்குப் போயிடறே."

தலைவனிடம் இதற்குப் பதில் இல்லை. நாமும் யோசித்துப் பார்த்தோம். எதிரியைப் பிடிப்பதில் தனித் தேர்ச்சி பெற்றவர்களை நாம் கொண்டாடாமல் இல்லை. நம் தமிழ்நாட்டுத் தர்மராஜ் சேரலாதன் பிடிப்பதிலேயே பேர் பெற்று, 2016ஆம் வருஷத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இடம் பெற்றார். அவரைப் பார்த்து, 'இவருக்குப் பாடிப் போகத் தெரியுமா?' என்று யாரும் கேட்கவில்லை. பாடிப் போகிறவனிடம் மட்டும் சகல கலைகளையும் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இது வெறும் விளையாட்டு விஷயம் என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். தமிழ்நாட்டு அரசாங்க வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வாசலுக்குப் போகும் படிகளில் மாவட்டப் போட்டி கீழ்ப் படி. அந்தப் படியில் கால் வைக்க இடம் கொடுக்காவிட்டால், நாளைக் காலை ஜீப்பில் ஏறுவதைத் தவிர அவனுக்கு வேறு வழி கிடையாது. தூத்துக்குடிச் சீமையில் மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994ஆம் வருஷத்தில் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் பெற்ற இந்திய அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். அவருக்கும் முதலில் யாரோ ஓர் ஊர்த் தலைவன் இடம் கொடுத்துத்தானே இருக்க வேண்டும்?

நம் அபிப்பிராயம் இதுதான். ஏழு பேரும் ஒற்றை வித்தைக்காரர்களாக இருந்தால் அணி உருப்படாது. ஒருவன்கூட அப்படி இல்லாவிட்டால் ஆபத்து வேளையில் கதி இல்லை. ஆகையால் பன்னிரண்டு பேரில் ஒருவனாக அவனை வைத்துக்கொள்ள வேண்டும். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் அவனைச் செலவழிக்கக் கூடாது. மூலையில் நின்று கணுக்காலைப் பற்றும் வித்தையையாவது அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இது அவனுக்குச் செய்யும் தர்மமல்ல. அணி தனக்குத் தானே செய்துகொள்ளும் நன்மை.

நாம் வண்டி ஏறும்போது களத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். இளைஞன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடக்கத் தொடங்கினான். தலைவன் பின்னாலேயே போய் ஏதோ சொன்னான். நம் காதில் விழுந்தது பாதிதான்: "...தோட்டத்திலேருந்து எத்தனை மணிக்கு வருவே? எட்டா? சரி, எட்டு மணிக்கு விளக்கைப் போட்டு வைக்கிறேன். மூலையிலே நிக்கப் பழகலாம்."