மாத்திரை இலவசம்தான்... மலையிறங்கும் செலவு யார் கணக்கு?

ஊட்டி பெர்ன்ஹில் பக்கம் பையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் 'எங்கே கிளம்பிட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'கீழே போறேன்' என்பார். கீழே என்றால் கோவை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கவும் கீழேதான், பெரிய டாக்டரைப் பார்க்கவும் கீழேதான்.

ஆனால், புற்றுநோய் என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்தப் பயணம் ஒரு தடவையோடு முடியாது. அதுவும் அரிய வகைப் புற்றுநோய் என்றால் பலருக்குக் கோவையோடும் முடிவதில்லை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து சென்னை, அங்கிருந்து வேலூர், சிலருக்கு மும்பை என்று நீளும்.

அரிய புற்றுநோய் என்றால்..?

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாகப் புதிதாக வருவதை 'அரிய புற்றுநோய்' என்கிறது ஐரோப்பியக் கணக்கு. குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய், சில ரத்தப் புற்றுநோய்கள் எல்லாம் இதில் அடங்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அரிது. ஆனால், எல்லாவற்றையும் கூட்டினால் ஐரோப்பாவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்!

சிக்கல் எங்கே? நோயாளிகள் குறைவு என்பதால் மருந்து கம்பெனிகளுக்குச் சந்தை சிறியது. ஆய்வுக்குப் போதுமான ஆட்களைச் சேர்ப்பதும் கஷ்டம். இந்த இடைவெளியில்தான் தனியார் அறக்கட்டளைகள் வருகின்றன.

துக்கத்தில் பிறந்த டிரஸ்ட்டுகள்

இந்த அறக்கட்டளைகளின் கதையைத் தோண்டினால், பெரும்பாலும் ஒரு வீட்டின் இழப்பில் போய் நிற்கும். 1931-ல் மெஹர்பாய் டாடா ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவர் கணவர் சர் டோராப்ஜி டாடா அடுத்த ஆண்டே 'லேடி டாடா மெமோரியல் டிரஸ்ட்' தொடங்கினார். அதன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு, உலகில் எங்கே நடந்தாலும் சரி, ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று எழுதிவைத்தார். 1941-ல் மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை திறக்கப்பட்டதும் டாடா அறக்கட்டளைப் பணத்தில்தான்.

நம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் அப்படித்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பல வருட முயற்சியில் 1954-ல் வந்தது. 17 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த மேக்ஸ் என்ற இளைஞரின் நினைவாக 1997-ல் அமெரிக்காவில் தொடங்கியது 'மேக்ஸ் பவுண்டேஷன்'. இந்தியாவில் ஆயிரக்கணக்கானோருக்கு இலவச மாத்திரை கிடைக்க வழி செய்தது இந்த அமைப்புதான். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு மாத்திரை, இரண்டு விலை

மேக்ஸுக்கு வந்தது சி.எம்.எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். 9, 22-ம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் வருவது. அதற்கான 'இமாடினிப்' மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை உயிர்க்கொல்லியாக இருந்த நோய், தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வாழக்கூடிய ஒன்றாக மாறியது. இந்த மருந்தைச் சாத்தியமாக்கிய டாக்டர் பிரையன் ட்ரூக்கரின் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்ததில் நன்கொடையால் நடக்கும் ஓர் அமைப்பும் உண்டு.

விலை? 2013 வாக்கில் நோவார்ட்டிஸின் 'கிளிவெக்' மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய கம்பெனிகளின் அதே மருந்து 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நடத்திய வழக்கை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 'இந்தியாவில் கிளிவெக் எடுப்பவர்களில் 95 சதவிகிதம் பேருக்கு இலவசமாகத்தானே தருகிறோம்' என்பது அப்போது கம்பெனி சொன்ன வாதம். அந்த இலவச மாத்திரைதான் மேக்ஸ் பவுண்டேஷன் வழியாக நோயாளிகளுக்குப் போனது.

அந்தத் திட்டத்தால் உயிர் பிழைத்தவர்கள் நிஜம். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால், இலவசம் என்பது கொடுப்பவர் கையில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கும்வரை மருந்து. விலை குறைந்தால் அது எல்லோருக்கும் குறையும், யாரிடமும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. உதவி வேறு, உரிமை வேறு. நமக்கு இரண்டுமே வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்கக் கூடாது.

பஸ் டிக்கெட்டுக்கு ஸ்பான்சர் இல்லை

இப்போது மறுபடியும் பெர்ன்ஹில்லுக்கு வருவோம். மருந்து விலை விஷயத்தில் அரசும் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் 36 உயிர்காக்கும் மருந்துகளுக்குச் சுங்க வரி முழுவதும் நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் கேன்சர் டே கேர் மையங்கள் என்ற அறிவிப்பும் வந்தது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

ஆனால் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்குச் சென்னையில் ஆறு மாதம் சிகிச்சை என்றால், கணக்கே வேறு. அம்மா கூடவே தங்க வேண்டும், அவர் கூலி போச்சு. அப்பா மாதம் இரண்டு முறை போய்வர வேண்டும், அவருக்கும் நாள்கணக்கில் கூலி போச்சு. ரூம் வாடகை, சாப்பாடு, ஆட்டோ. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் குறித்த நாளில் போகவும் முடியாது. இதெல்லாம் பெரும்பாலும் காப்பீட்டில் வராத செலவு. குழந்தைகள் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதற்கு மருந்து விலை மட்டும் காரணமில்லை, இதுவும்தான்.

இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது 2006-ல் மும்பையில் தொடங்கிய 'செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ்'. சிகிச்சைக்கு வரும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் இலவசத் தங்குமிடம். சென்னையிலும் வேலூரிலும் இருக்கிறது. இது போன்றவை இன்னும் நிறைய வேண்டும்.

ஆளை அலையவிடாமல் ஸ்லைடையும் ரிப்போர்ட்டையும் அனுப்பும் வழியும் உண்டு. 2012 முதல் இயங்கும் 'நேஷனல் கேன்சர் கிரிட்'டில் 300-க்கும் மேற்பட்ட மையங்கள் இணைந்துள்ளன. சிக்கலான கேஸ்களைப் பல ஊர் டாக்டர்கள் ஆன்லைனில் சேர்ந்து விவாதிக்கிறார்கள். அறக்கட்டளைகளின் அடுத்த காசோலை இங்கே போனால், மலையில் இருப்பவருக்கு அது நேரடி லாபம்.

நீங்கள் செய்யக்கூடியவை

* பெரிய மருத்துவமனைகளில் மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் இருப்பார். டிரஸ்ட்டுகளுக்கான வாசல் அவர்தான். சிகிச்சை தொடங்கும் முன்பே பாருங்கள், பணம் தீர்ந்த பிறகு அல்ல.

* ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி வகுப்புகளில் கட்டணம் முழு விலக்கு. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவிகிதச் சலுகை. மருத்துவமனைச் சான்றிதழ் அவசியம்.

* பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். செகண்ட் ஒபினியனுக்கு அவைதான் தேவை.

* நன்கொடை தருகிறவரா? 'மருந்துக்கா, தங்குமிடத்துக்கா, போக்குவரத்துக்கா?' என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஆராய்ச்சிக்கும் மருந்துக்கும் கொடுத்தால் பெயர்ப்பலகை உண்டு, போட்டோ உண்டு. மேட்டுப்பாளையம் பஸ் டிக்கெட்டில் யார் பெயரும் அச்சாவதில்லை. ஆனால், அந்த டிக்கெட் இல்லாமல் மேலே இருப்பவருக்கு அந்த இலவச மாத்திரை போய்ச் சேராது.