குவான்டைஸ் பட்டன்ல இருந்து கையை எடுங்க!

தமிழ் அகராதியைப் புரட்டினால் 'மிடி' என்ற சொல்லுக்கு வறுமை என்று போட்டிருக்கும். ஹாஸ்டல் ரூமில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு குறும்படத்துக்கு மியூசிக் போடும் பல பேருடைய டிராக்கைக் கேட்டால், அகராதிக்காரர் தெரிஞ்சுதான் எழுதியிருக்கார் என்று தோன்றும். டியூன் நல்லா இருக்கும். சவுண்டு காஸ்ட்லியா இருக்கும். ஆனா மொத்தமா கேட்டா செல்போன் ரிங்டோன்! உடனே நம்ம ஆள் என்ன செய்வார்? இன்னும் நாலு ஜி.பி.க்கு வயலின் சவுண்டு டவுன்லோடு போடுவார். பாஸ், பிரச்னை அங்கே இல்லை. பியானோ ரோலில் நீங்க அடுக்கி வச்சிருக்கிற அந்தக் குட்டிக் குட்டிச் செங்கல்லில் இருக்கு.

முதலில் ஒரு விஷயம். மிடி என்பது சத்தமே இல்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு வேகமாக அமுக்கினீங்க, எப்போது கையை எடுத்தீங்க என்கிற குறிப்பு மட்டும்தான். சுத்தமான ஏட்டுச் சுரைக்காய்! ஆனா கறி ருசிக்கிறதும் ருசிக்காததும் அந்த ஏட்டில் என்ன எழுதியிருக்கீங்க என்பதில்தான் இருக்கு. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் கீபோர்டையும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி கீபோர்டையும் வயர் போட்டு இணைத்து, ஒன்றில் வாசித்தால் இன்னொன்றும் பாடும்படி செய்து காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒரே பாஷை பேசின. இதற்காகத்தான் டேவ் ஸ்மித்துக்கும் இகுடாரோ காகெஹாஷிக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது. அந்தப் பாஷையைத்தான் இன்றைக்கும் உங்க லேப்டாப் பேசுகிறது.

2000-களின் ஆரம்பத்தில் செல்போனில் பாலிஃபோனிக் ரிங்டோன் என்று ஒன்று பிரபலமாக இருந்தது. உங்க அண்ணன், அக்காவைக் கேட்டால் கண்ணில் தண்ணி வரச் சொல்லுவாங்க. அதுவும் பெரும்பாலும் மிடிதான். நோட்டெல்லாம் மிலிட்டரி பரேடு மாதிரி ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் வந்து நிற்கும். உங்க டிராக் அப்படிக் கேட்பதற்கும் காரணம் அதேதான்.

இங்கேதான் குவான்டைஸ் வருகிறது. கீபோர்டில் வாசிச்சு ரெக்கார்டு பண்றோம், நோட்டெல்லாம் கட்டத்துக்கு முன்னே பின்னே கிடக்கு. பயந்துபோய் ஒரு பட்டனைத் தட்டுகிறோம். அத்தனையும் கோட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. தப்பு போச்சு, சரி... கூடவே நீங்களும் போயிட்டீங்களே! சரணத்தில் உணர்ச்சிவசப்பட்டு ஒரு மேல் ஸ்வரத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தொட்டீங்களே, அதுவும் காலி. ஒரு வரி டைப் பண்ணினால் முழுப் பாட்டே போட்டுக் கொடுக்கிற ஏ.ஐ. வந்தாச்சு. கோட்டில் ஒட்டுகிற வேலையை அது உங்களைவிட நல்லாவே செய்யும். உங்ககிட்ட மிச்சம் இருக்கிறது உங்க கை ஒண்ணுதான், அதையும் அழிச்சுக்கணுமா?

அதற்காக, தப்பை அப்படியே விடச் சொல்லலை. குவான்டைஸ் பக்கத்திலேயே 'ஸ்ட்ரெங்த்' என்று ஒன்று இருக்கும். 100 என்பதை 50, 60 என்று குறையுங்க. நோட்டு கோட்டுக்குப் பாதி தூரம் நகர்ந்து வரும், மீதி உங்களுடையதாகவே இருக்கும். அடுத்தது ஸ்விங். ரோஜர் லின் 1980-ல் கொண்டுவந்த டிரம் மெஷினிலேயே இது உண்டு. 50 என்றால் நேர்நடை, 66 என்றால் ஏறக்குறைய திஸ்ர நடை. டெம்போ 100 என்றால் கால் பீட் நோட்டு இரண்டுக்குச் சேர்த்து 300 மில்லி செகண்ட். நேர்நடையில் இரண்டாவது நோட்டு 150-ல் விழும். ஸ்விங்கில் 58 போட்டால் 174-ல் விழும். அந்த 24 மில்லி செகண்டில் தலை தானாக ஆடும், போட்டுப் பாருங்க. அமெரிக்க ஹிப்-ஹாப் ஆசாமி ஜே டில்லாவின் டிரம்ஸைக் கேட்டால் இது இன்னும் புரியும். கட்டத்திலிருந்து வேண்டுமென்றே நழுவி நழுவி விழும். 2006-ல் இறந்துபோன அவருடைய எம்.பி.சி.3000 மெஷின் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கு.

சில சாஃப்ட்வேரில் 'ஹியூமனைஸ்' பட்டன் இருக்கும். நம்பாதீங்க. அது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி கண்டபடி நகர்த்தும். நல்ல டிரம்மர் கண்டபடி தடுமாற மாட்டார். ஸ்னேரை எப்பவுமே ஒரு மயிரிழை லேட்டாகத் தட்டுவார், அவ்வளவுதான்.

அடுத்தது வெலாசிட்டி, அதாவது கட்டையை அமுக்கின வேகம். 1 முதல் 127 வரை. மவுஸால் வரைந்தால் எல்லா நோட்டுக்கும் ஒரே எண் விழும். ஹை-ஹாட்டில் 16 நோட்டும் 100 என்று இருந்தால் அது தையல் மெஷின். பீட்டில் விழுவதை 95, நடுவில் வருவதை 60, 70 என்று இறக்குங்க. சத்தம் மட்டும் குறையாது. நல்ல சாம்பிள்களில் மெதுவாகத் தட்டினதைத் தனியாக ரெக்கார்டு பண்ணி வச்சிருப்பாங்க, குரலே மாறும்.

வயலின் கூட்டம் எப்பவும் லேட்டாக வருகிற மாதிரி இருக்கா? நோட்டு கோட்டில்தான் இருக்கும். ஆனா மெதுவாக எழும்புகிற சவுண்டு என்றால் காதுக்கு லேட்டாகத்தான் கேட்கும். ஸ்னாப்பை ஆஃப் பண்ணிட்டு, அந்த நோட்டுகளை 30 மில்லி செகண்ட் முன்னால் இழுத்து விடுங்க. புல்லாங்குழல் என்றால் நாலு பாருக்கு ஒரு இடத்திலாவது இடைவெளி வையுங்க. வாசிக்கிறவர் மூச்சு விடணும்ல!

இனி நம்ம ஊர் சமாச்சாரம். கீபோர்டில் தோடி வாசிக்க முயற்சி பண்ணியிருக்கீங்களா? காந்தாரத்தை ஒரே கட்டையில் தட்டினால் தோடி வராது. அது அசைந்தால்தான் தோடி. இதுக்குத்தான் பிட்ச் பெண்ட். மொத்தம் 16,384 படி, நடுவில் 8,192 என்றால் வளைவே இல்லை. பெரும்பாலான சவுண்டுகளில் மேலே 2, கீழே 2 அரைச்சுரம் வரை வளையும். இதில் ஒரு அதிர்ஷ்டம் பாருங்க. தோடியின் காந்தாரத்துக்கு 2 அரைச்சுரம் கீழே ரிஷபம், 2 அரைச்சுரம் மேலே மத்யமம். அசைவுக்குத் தேவையான இடம் கச்சிதமா கையில் இருக்கு! ஒரே நீள நோட்டாகப் போட்டு, கீழே பிட்ச் பெண்ட் கோட்டை வரையுங்க. ஒரே அளவான அலையாக வரைந்தால் ஆம்புலன்ஸ் சைரன்தான் வரும். நல்ல பாடகர் பாடின தோடியைப் பாதி ஸ்பீடில் ஓட விட்டு, எந்த இடத்தில் தங்குகிறார், எங்கே சட்டென்று தாண்டுகிறார் என்று காதால் பிடிச்சு வரையுங்க. ஒரு காந்தாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

இரண்டு எச்சரிக்கை. வளைவு முடிந்ததும் கோட்டை நடுவுக்குக் கொண்டு வராமல் விட்டால், அடுத்து வருகிற நோட்டெல்லாம் சுருதி விலகி அழும். இன்னொன்று, சாதாரண மிடியில் பிட்ச் பெண்ட் அந்தச் சேனலில் இருக்கிற எல்லா நோட்டையும் சேர்த்து வளைக்கும். கார்டையும் டியூனையும் ஒரே டிராக்கில் வைக்காதீங்க. நோட்டுக்கு நோட்டு தனி வளைவு தருகிற மிடி 2.0 2020-லேயே வந்துடுச்சு. ஆனா உங்க ரூம் கீபோர்டு அநேகமாக இன்னும் 1983 பாஷையைத்தான் பேசும்.

எடிட்டிங் முடிச்சு ஃபிரெண்டுக்கு அனுப்பும்போது மிடி ஃபைலை மட்டும் அனுப்பாதீங்க. அது சில கே.பி.தான் இருக்கும், உள்ளே சத்தமே இருக்காது. அவர் சிஸ்டத்தில் என்ன சவுண்டு இருக்கோ அதில்தான் பாடும். அங்கே பெண்ட் அளவு 12 என்று இருந்தால், மாங்கு மாங்கென்று வரைந்த உங்க காந்தாரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறி ஒரு ஸ்தாயி கீழே குதிக்கும். வேவ் ஃபைலாக ஏற்றுமதி பண்ணி, அதையும் கூடவே அனுப்பி வையுங்க.