இடம் மாறிய விதை

எத்தாளையிலே மணற்றரையில் வெங்காயம் நடுவோருக்கு நாம் ஒன்றைக் கற்பிக்க வேண்டியதில்லை. நாற்று ஒன்றேயாயினும் தரை மாறினால் அதன் பிழைப்பும் மாறும். மணல் நீரைப் பிடித்து வைக்காது. ஆதலால் கிணற்று நீர் அடிக்கடி வேண்டும். 1889ஆம் ஆண்டில் இலண்டன் சத்திரவைத்தியர் ஸ்டீபன் பேஜெற் புற்றுநோயைப் பற்றிச் சொன்னதும் இத்தகையதே. மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்த அவர், நோய் ஈரலிற் பெரிதும் பரவியிருக்க, மண்ணீரலில் அரிதாகவே இருந்ததைக் கண்டார். விதை எங்கும் சிதறினும் ஏற்ற மண்ணிலேதான் முளைக்கும் என்பது அவர் முடிபு.

சிறுநீரகப் புற்றுநோய் சுவாசப்பை, எலும்பு, ஈரல், மூளை முதலியவற்றுக்குப் பரவக்கூடியது. சுவாசப்பையிற் குடியேறினும் அது சிறுநீரகப் புற்றுநோயே, மருந்தும் அதற்கேற்றதே. வீட்டார் பலர் குழம்புவது இவ்விடத்திலேதான்.

பெயர் மாறாவிடினும் அதன் அனுசேபம், அஃதாவது உணவை எரித்துப் பயன்கொள்ளும் முறை, மாறுகின்றது. இந்நோயின் பெரும்பான்மை வகையில் வீ.எச்.எல். என்னும் பரம்பரையலகு செயலிழந்திருக்கும். ஒட்சிசன் இருந்தும் இல்லையென்றே கலம் மயங்கி, குளுக்கோசை முற்றாக எரிக்காது அரைகுறையாகச் சிதைக்கும். கலங்கள் ஒட்சிசனை உணரும் வழியைக் கண்டமைக்காகவே கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவின் டல்லஸ் நகர ஆய்வாளர், சத்திரசிகிச்சையின்போது நோயாளருக்கு அடையாளமிட்ட குளுக்கோசை ஏற்றி, கட்டியில் அஃது என்னவாகிறதெனத் தொடர்ந்தனர். 2024இல் வந்த முடிவு வியப்பானது. சிறுநீரகத்திலிருந்த கட்டிகளைவிட, பரவிய கட்டிகளில் இழைமணிகளின் எரிப்பு மும்முரமாயிருந்தது. எலிகளில் அவ்வெரிப்பைத் தடுத்தபோது பரவல் குறைந்தது. அதே ஆண்டில் வேறோர் ஆய்வு, சிறுநீரகக் கட்டியினுள்ளே ஊறிநிற்கும் திரவத்தின் சத்துகள் அருகிலுள்ள நல்ல சிறுநீரகத்தின் சத்துகளைப் பெரிதும் ஒத்தன எனக் காட்டியது. பந்தியிலே பரிமாறுவது உறுப்பு, உண்பது கட்டி!

புதிய உறுப்பு கலத்தை மாற்றுகிறதா, மாறவல்ல கலமே அங்கே பிழைக்கிறதா என்பது தீர்ந்த வழக்கன்று. இரண்டும் உண்டு என்பதே நமது எண்ணம்.

இதைக் கேட்டு, நோயாளியின் சோற்றையும் சீனியையும் நிறுத்திக் கட்டியைப் பட்டினி போட முயலவேண்டா. இரத்தத்திற் குளுக்கோசு குன்றாதபடி ஈரல் காத்து நிற்கும், மெலிபவர் நோயாளியே. நோவின்றிச் சிறுநீரில் இரத்தம் ஒருமுறை தோன்றி மறைந்தாலும் உடனே வைத்தியரிடம் காட்டுக. நோய் சிறுநீரகத்துள் அடங்கியிருக்கும்போது சத்திரசிகிச்சையாலேயே பலர் குணமடைகின்றனர்.