ஸ்னூப்பிங்கை ஆஃப் பண்ணாதீங்க சாமிகளா!

இந்த வாரம் ஆணி சம்பந்தப்பட்ட மொக்கை. கவிதை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க :-)

நெட்வொர்க் வேலைக்கு வர்ற ஆளுங்க பலபேர்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. மல்டிகாஸ்ட்ல வர்ற வீடியோ நின்னா போதும், முதல் வேலையா ஸ்விட்ச்ல ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை அணைச்சுடறது. படம் உடனே வந்துடும். "பாத்தீங்களா சார்"னு கையெழுத்து வாங்கிட்டு கிளம்பிடுவாங்க. என்னைக் கேட்டா இது ரிப்பேரே இல்லை. நம்ம வீட்டுக் குப்பையை பக்கத்து வீட்டு வாசல்ல கொட்டற கதை.

மல்டிகாஸ்ட்னா, அனுப்பறவன் ஒரே தடவை அனுப்புவான். யார் கேட்டாங்களோ அவங்களுக்கு மட்டும் வழியில பிரதி எடுத்துக் கொடுக்கணும். "எனக்கு வேணும்"னு கேக்கறதுக்கான மொழிதான் ஐஜிஎம்பி. 1989ல ஸ்டீவ் டீரிங் எழுதின ஆர்எஃப்சி 1112லயே இருக்கு. ஆனா சாதா ஸ்விட்சுக்கு இதெல்லாம் புரியாது, எல்லா போர்ட்லயும் கொட்டிடும். ஸ்னூப்பிங் போட்டா, அந்தப் பேச்சை ஒட்டுக் கேட்டு, எந்த போர்ட்டுக்கு எது வேணும்னு லிஸ்ட் எழுதி வெச்சுக்கும்.

இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. அந்த லிஸ்ட் நிரந்தரம் இல்லை. பேப்பர் ஏஜெண்ட் மாசாமாசம் "இந்த மாசமும் போடலாமா?"னு கேக்கற மாதிரி, யாராவது 125 செகண்டுக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டே இருக்கணும். அவர்தான் குவேரியர். மல்டிகாஸ்ட் ரவுட்டர் இருந்தா அது கேக்கும். சின்ன நெட்வொர்க்ல அது ஏது? கேக்க ஆள் இல்லைன்னா பதிலும் வராது. ரெண்டு சுத்துக்கு 250, பதில் வர 10, ஆக 260 செகண்ட்ல பேரை அடிச்சுடுவாங்க. நாலு நிமிஷம் சொச்சத்துல படம் உறைஞ்சா, நான் முதல்ல சந்தேகப்படறது குவேரியரைத்தான். (சில ஸ்விட்ச்ல தலைகீழ். லிஸ்ட்ல யாரும் இல்லாத குரூப்பை எல்லாருக்கும் கொட்டும். படம் நிக்காது, ஆனா வெள்ளம் சத்தமில்லாம ஓடும்.)

எங்க அடுக்குமாடியில இதே கூத்துதான். 40 கேமரா, ஒவ்வொண்ணும் 4 எம்பிபிஎஸ். ரெக்கார்டருக்கும் போகணும், கேட் ரூம் திரைக்கும் போகணும்னு மல்டிகாஸ்ட்ல விட்டிருந்தாங்க. கேட்ல படம் உறையுதுன்னு வந்த காண்ட்ராக்டர் ஆள் வழக்கம்போல ஸ்னூப்பிங்கை அணைச்சுட்டுப் போயிட்டார். அப்புறம் 160 எம்பிபிஎஸ், எல்லா போர்ட்லயும். வீடுகள்ல இருக்கற இண்டர்காம் போனோ 100 எம்பிபிஎஸ் போர்ட்டு. சொல்லணுமா?

ஒரு மாசம் கழிச்சு ராத்திரி 2 மணிக்கு, மூணாவது மாடி தாத்தாவுக்கு நெஞ்சு வலி. பாட்டி கேட்டைக் கூப்பிட்டிருக்காங்க. மணி அடிச்சிருக்கு, வாட்ச்மேனும் எடுத்திருக்கார். ஒரு வார்த்தை முழுசா போய்ச் சேரலை. அந்த வயசுல பாட்டி படியிறங்கி ஓடி வந்திருக்காங்க. தாத்தா இப்ப நல்லா இருக்கார், அது அவங்க அதிர்ஷ்டம்.

சங்கக் கூட்டத்துல என்ன முடிவு பண்ணினாங்க தெரியுமா? போன் எல்லாம் பழசு, மொத்தமா மாத்தணும், வீட்டுக்கு இவ்வளவு வசூல்! கேமராவுக்கும் போனுக்கும் முடிச்சு போட யாருக்குத் தோணும்? போர்ட் கவுண்டர்ல டிராப் ஆன பாக்கெட் எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கறதைக் காட்டினப்புறம்தான் நம்பினாங்க. ஸ்னூப்பிங்கை திரும்ப ஆன் பண்ணி, குவேரியரையும் ஆன் பண்ணி, அதுக்கு அந்த வீலான்ல ஒரு ஐபி முகவரி கொடுத்தாச்சு. அவ்வளவுதான். வசூல் கேன்சல்.

"கேமராவுக்கு தனி வீலான் போட்டா போதாதா?"னு கேப்பீங்க. போடுங்க, நல்லதுதான், போன் பிழைச்சுக்கும். ஆனா அந்த வீலானுக்குள்ள ஒவ்வொரு கேமரா மேலயும் மத்த 39 கேமரா வீடியோவும் வந்து விழும். கேமராவைத் திருப்பற கட்டளை கூட அந்த நெரிசல்ல மாட்டிக்கும்.

"ஸ்னூப்பிங் போட்டா பிரிண்டர் தெரிய மாட்டேங்குது"ங்கறது இன்னொரு புகார். பிரிண்டர் தேட உதவற 224.0.0.251 மாதிரி 224.0.0ல ஆரம்பிக்கற முகவரிகளை எல்லா போர்ட்டுக்கும் அனுப்பணும்னு 2006லயே ஆர்எஃப்சி 4541 சொல்லிடுச்சு. அதைத் தடுக்கற ஸ்விட்சை மாத்துங்க, ஸ்னூப்பிங்கைத் திட்டாதீங்க. கேமராவுக்கு குரூப் முகவரி கொடுக்கும்போது 239.0.0, 239.128.0 ரெண்டையும் தவிர்த்துடுங்க. மேக் முகவரியா மாறும்போது குரூப்போட கடைசி 23 பிட்தான் மிஞ்சும். அதனால மேக்கை மட்டும் பாக்கற ஸ்விட்சுக்கு இதுவும் அந்த 224.0.0 கும்பலும் ஒண்ணாத்தான் தெரியும், மறுபடி வெள்ளம்.

டிஸ்கி: 'ஃபாஸ்ட் லீவ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கும், கை அரிக்கும். ஒரு போர்ட்ல ஒரே ஒரு பெட்டி இருந்தா மட்டும் போடுங்க. அந்த போர்ட்டுக்குக் கீழே இன்னொரு குட்டி ஸ்விட்ச் இருந்து, ஒரே சேனலை ரெண்டு டிவியில பாத்துக்கிட்டிருந்தா, ஒருத்தர் சேனல் மாத்தினதும் இன்னொருத்தருக்கும் படம் போயிடும். வீட்டுச் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.