கிணறு தனித்தனி, நீர் ஒன்றே

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடி மாரியோடு அடங்குவது. எனவே நமது தோட்டமும் குடிநீரும் கிணற்றையே நம்பி நிற்கின்றன. காணி உறுதிகளில் ‘கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும்’ என்று எழுதி வந்த சமுதாயம் நாம். எட்டிலொரு பங்குக்காக மாவட்ட நீதிமன்றப் படியேறியவர்கள் நம்மிற் பலர். (அவ்வழக்குகளால் வாழ்ந்தோர் எமது தொழிலினர் என்பதையும் மறைப்பதற்கில்லை.) ஆயினும் எல்லாக் கிணறுகளுக்கும் அடியிற் கிடக்கும் நீர் எவருடைய பங்கு என்று எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை.

அந்நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில், கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட கணக்கு. அந்த ஓரடி குறைந்தால் அடியிலிருந்து உவர் மேலேறும். மேலிருந்து வருவது இன்னொரு கேடு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் யூரியாவில் பயிர் உண்ணாத பகுதி நைத்திரேற்றாகிச் செம்பாட்டு மண்ணூடே கிணற்றை அடைகிறது. வலிகாமத்துக் கிணறுகளில் இது மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துரைத்தனர். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இதற்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. காய்ச்சினாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடுவதேயன்றிக் குறைவதில்லை.

ஆகவே ஒருவன் தன் தோட்டத்தில் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், அயலவன் அறியாதிருந்தால் இருவரும் உவர்நீரையே இறைப்பர். இங்கே கல்வி என்பது பலர் கூடிப் பெற்றாலன்றிப் பயன் தராது.

அதற்கு வாய்ப்பான கருவி இன்று கமக்காரர் பலரின் சட்டைப்பையில் இருக்கிறது. வட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் நம்மவர் நாள்தோறும் கூடுகின்றனர். ஆனால் அங்கே பேசப்படுவது யாது? சந்தை விலை, மரண அறிவித்தல், கிருமிநாசினி விற்போரின் விளம்பரம், எவர் சொன்னதென்று தெரியாத மருத்துவம். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதியை அரசாங்கம் ஓரிரவில் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் அத்தடையைக் கைவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் கைத்தொலைபேசிகளில் வந்து குவிந்த கரைசற் குறிப்புகளை நாம் கண்டோம். எந்த மண்ணில், எந்தப் பயிருக்கு, எத்தனை போத்தல், விளைந்தது எவ்வளவு என்ற விவரம் அவற்றுட் பெரும்பாலானவற்றில் இல்லை. இதனைக் கூட்டுக் கல்வி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆந்திராவில் நடந்ததைக் கேளுங்கள். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு, வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில் 600க்கு மேற்பட்ட கிராமங்களின் உழவர்கள் மழையையும் கிணற்று மட்டத்தையும் தாமே அளந்தனர். அளவைக் கிராமத்துச் சுவரில் எல்லாரும் காண எழுதினர். மழைக்காலம் முடிந்ததும் கூடியிருந்து, நிலத்தடியில் உள்ள நீர் எவ்வளவு, நினைத்த பயிர்கள் கேட்கும் நீர் எவ்வளவு என்று கணக்கிட்டனர். இன்னதைப் பயிரிடாதே என்று எவரும் எவரையும் தடுக்கவில்லை. கணக்கைக் கண்ட பின் பலர் நெல்லைக் குறைத்து, குறைந்த நீர் வேண்டும் பயிர்களுக்கு மாறினர். அங்குள்ளது கடும்பாறை நிலம், நமது சுண்ணாம்புக் கல் வேறு. ஆயினும் அளக்கும் முறை ஒன்றே.

அவர்களது சுவர் ஒரு கிராமத்தாருக்கே தெரிந்தது. நமது தொலைபேசியோ உரும்பிராயில் அளந்ததைச் சுன்னாகத்தார் அன்றே காணச் செய்யும். வெளிநாட்டில் இருக்கும் நம்மவரான நிலநீர் அறிஞரும் காண்பார். வாரத்தில் ஒரு நாள், இறைப்புக்கு முன், கயிற்றிற் கல்லைக் கட்டி விட்டு, கிணற்று வாயிலிருந்து நீர்மட்டம் வரை அளப்பது சிறுவனுக்கும் முடிந்த காரியம். உவர்ப்பை அறியும் சிறு மானியும் நைத்திரேற்றைக் காட்டும் தாளும் ஊருக்கு ஒன்றாக வாங்கத்தக்கவை. குறிப்பு அனுப்புவோர் பயிர், அளவு, நாள், விளைவு ஆகியவற்றைச் சொல்லியே அனுப்ப வேண்டும். தோற்றதையும் சொல்ல வேண்டும். கிணற்றை எண்ணாற் குறித்தாற் போதும். காணியின் விலை விழுமோ என்று அஞ்சும் கமக்காரனின் அச்சம் வீண் அச்சமன்று, அதற்கு மதிப்பளித்தே ஆகவேண்டும்.

சட்டம் பற்றியும் எம்மிடம் கேட்கிறார்கள். கிணற்று நீர் கெட்டுவிட்டதென்று எழுதினால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் அகப்படுவோமா என்பது கேள்வி. அச்சட்டத்தை நல்ல சட்டமென்று நாம் கொள்ளவில்லை. ஆனால் நிறைவேற்றப்பட்ட வடிவில், பொய்யென்று அறிந்தே சொல்லும் கூற்றையே அது பொய்க் கூற்று என்கிறது. நல்லெண்ணத்தோடு விடுக்கும் எச்சரிக்கையை விலக்கியும் வைக்கிறது. நாளும் அளவும் இட்ட குறிப்பைப் போலக் காப்பு வேறில்லை. சுன்னாகத்து மின்னிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்ற வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. அதற்கு முன் எத்தனை காலம் ஒரு சாரார் உண்டென்றும் மறுசாரார் இல்லையென்றும் சொல்ல, தாய்மார் குடத்தோடு தெருவில் நின்றனர்! தொடக்கம் முதலே ஊராரிடம் தம் கிணற்றின் பதிவேடு இருந்திருக்குமாயின், வழக்கின் முகமே வேறாயிருக்கும்.

திணைக்களங்களிடமும் அளவுகள் உள. நீர்வளச் சபையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் திரட்டியவற்றைத் தமிழில் வெளியிடுமாறு வேண்டுவது இரப்பாகாது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்பதை 1988இன் 16ஆம் திருத்தம் அரசியலமைப்பில் எழுதி வைத்துள்ளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டியது அவர்களின் கடமை. விண்ணப்பம் எழுதித் தருவது சட்டத்தரணிகளின் வேலை. எமது தொழிலினர் கமக்காரர் குழுக்களிற் சேர்ந்து இதையேனும் செய்யட்டும். உபதேசம் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. தொலைபேசியில் மட்டும் வாழும் பதிவேட்டை ஓர் ஆணையால் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம். ஆகையால் குழுவில் வரும் அளவுகளை மாதந்தோறும் சனசமூக நிலையத்துக் கொப்பியில் மையினால் எழுதி, வாசிகசாலையிற் பத்திரிகைக்கு அருகே வைக்க வேண்டும்.

ஐப்பசி மழை பிறக்கும் முன் கிணறுகள் மிகத் தாழ்ந்து நிற்கும். முதல் அளவை எடுக்க ஏற்ற காலம் அதுவே. ஊருக்கு 10 கிணறுகள், ஒரு கயிறு, ஒரு கொப்பி, எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் தொடங்கலாம்.