பூட்டிய இயந்திரமும் பூட்டும் கைகளும்

தீவகப் பாடசாலைகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாது முன்வைக்கப்படுகின்றது. முதலில் ஆசிரியர் பற்றாக்குறை தீரட்டும். படகுச் சேவை சீராகட்டும். இயந்திரங்கள் பிறகு வரட்டும் என்பதே அவ்வாதம். ஆசிரியரும் படகும் கட்டாயம் வேண்டியனவே. எனினும் ஒரு தேவையைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடும் இந்நியாயம், ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே அடையத்தக்க அனலைதீவின் பிள்ளைகளை என்றைக்கும் வரிசையின் கடைசியில் நிறுத்துவதற்கே துணைபோகின்றது. நகரத்து மாணவனுக்கு இன்று, தீவு மாணவனுக்குப் பிறகு என்பதைக் கல்விக் கொள்கை என்று அழைப்பது எங்ஙனம்?

சர்ச்சைக்குரிய பொருள் சீ. என். சீ. எனப்படும் இயந்திரமாகும். கணினியின் கட்டளைக்கேற்ப வெட்டுங் கருவியை நகர்த்துவது அதன் பணி. ஜோன் பார்சன்ஸ் என்பாரின் எண்ணத்தில் முளைத்த இவ்வகை இயந்திரம் 1952 இல் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் இயக்கிக் காட்டப்பட்டபோது, அதன் கட்டுப்பாட்டுப் பகுதி இயந்திரத்தினும் பெரிதாயிருந்தது. 2005 இல் இத்தாலியில் தோன்றிய ஆடுயினோ என்னும் மலிவான மின்பலகையும், அதில் இயங்கும் இலவச மென்பொருளும் நிலைமையை மாற்றின. 30 சதமமீற்றர் நீளமும் 18 சதமமீற்றர் அகலமுமான பரப்பில் மரத்தையும் பிளாத்திக்கையும் செதுக்கவல்ல சிறு இயந்திரம் இன்று உதிரிப்பாகங்களாக ஒரே பெட்டியிற் கிடைக்கின்றது. பாடசாலை மேசையில் மாணவரே அதனைப் பூட்டிவிடலாம்.

இதனை விளையாட்டுப் பொருள் என இகழ்வோர் அதனைப் பூட்டிப் பார்த்தவராக இருத்தல் இயலாது. அதன் படிமோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகரும். ஒவ்வொரு படியும் 16 ஆகப் பகுக்கப்படின் 3,200 துடிப்புகள். ஒரு சுற்றில் திருகுக்கோல் 4 மில்லிமீற்றர் நகர்த்துமாயின், ஒரு மில்லிமீற்றருக்கு 800 துடிப்புகள் வேண்டும். இவ்வெண்ணை 400 எனத் தவறாகப் பதிந்தால், 100 மில்லிமீற்றர் கேட்ட இடத்தில் 50 மில்லிமீற்றரே கிடைக்கும். சட்டகம் செங்கோணமாக அமையாவிடின் சதுரம் சாய்சதுரமாகும். பரீட்சைத் தாளில் விகிதசமன் பிழைத்தால் சில புள்ளிகளே குறையும். மேசையிற் பிழைத்தாலோ பலகை பாழாகும். ஏன் பாழாயிற்று எனத் தேடியே தீரவேண்டும். அத்தேடலே கல்வி.

ஆகவே இயந்திரம் பாடசாலைக்கு எந்த நிலையில் வந்துசேர்கின்றது என்பதே முக்கியமான வினாவாகும். கொடையாளர் பலர் முழுமையாகப் பூட்டிய கருவியையே விரும்புவர். நாடா வெட்டப்படும், படம் பிடிக்கப்படும், பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தால் அறை பூட்டப்படும். 'பூட்டுதல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் உள்ள இரு பொருள்களும் இங்கு ஒருங்கே நிறைவேறிவிடுகின்றன! பழுதாக இடமில்லாத கருவியில் கற்கவும் இடமில்லை.

இதன் வேர் இன்னும் ஆழமானது. எழுதுகோல் பிடிக்கும் கை உயர்ந்தது, சுத்தியல் பிடிக்கும் கை தாழ்ந்தது என்ற எண்ணம் யாழ்ப்பாணச் சமூகத்திற் சாதியோடு பிணைந்து வளர்ந்தது. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியபோது, கிராமப் பிள்ளையைக் கிராமத் தொழிலோடு கட்டிப்போடும் சூழ்ச்சியோ என்ற ஐயம் எழுந்தது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது. ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. தந்தையின் தொழிலை மகனுக்கு விதிக்கும் கல்வி எதிர்க்கப்பட வேண்டியதே. ஆயின் கணிதத்தையும் கைத்திறனையும் ஒரே மேசையில் அமர்த்தும் இவ்வியந்திரம் எச்சாதிக்கும் குலத்தொழில் அல்ல. உயர்தரத்தில் 2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவு தருவதாகச் சொன்னதும் இந்த இணைப்பையே. அதன் வாயில் உயர்தரத்தில்தான் திறக்க வேண்டுமென்பதில்லை.

தீவுக்கு இஃது ஆடம்பரம் என்போர் தீவின் வாழ்வை நோக்குக. துலாவைக் கைவிட்டு நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மாறிய புகையிலைத் தோட்டக்காரர் அதன் நுட்பத்தைப் பட்டம் பெற்றா கற்றனர்? அடுத்த மாற்றம் வாசலுக்கு வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிற் சூரியவொளியும் காற்றும் டீசலும் இணைந்த மின்தொகுதிகளை அமைக்கும் பணி, 2021 இற் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கத் தீர்மானிக்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தின் பின் கைமாறியது. 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அமைப்பவர் எந்நாட்டவர் என்பதே பெருஞ் சர்ச்சையாயிற்று. பழுதுபார்ப்பவர் எவ்வூரவர் என்பதே தீவாருக்கு முதன்மையான கேள்வி. சிறு இயந்திரத்தைப் பூட்டிய மாணவர் மின்னிலையத்தையே திருத்திவிடுவர் எனக் கூறுவது நகைப்பிற்கிடமாகும். ஆயின் மின்கம்பியையும் மோட்டாரையும் கண்டு அஞ்சாத தலைமுறை ஒன்று இன்றி, அடுத்த படகில் வரவேண்டிய நிபுணனுக்காகக் காத்திருத்தல் ஒருபோதும் முடியாது.

கற்பிக்க ஆசிரியர் இல்லையே என்பது இறுதித் தடை. மகாராட்டிரத்தில் மழை குன்றிய பாபல் கிராமத்தில், 1983 இல் ஸ்ரீநாத் கல்பாக் நிறுவிய விஞ்ஞான ஆச்சிரமம் இதற்கு விடை கூறுகின்றது. பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகளும் அங்கே செய்து கற்றனர். 2002 இல் மசாசூசெற்ஸ் நிறுவகத்தின் துணையுடன் கணினிவழி உற்பத்திக் கூடமொன்று அக்குக்கிராமத்திலேயே அமைந்தது. எல்லாம் அறிந்த ஆசிரியருக்காகக் காத்திருந்திருந்தால் அது நிகழ்ந்திராது. தமக்குத் தெரியாததை மாணவரோடு சேர்ந்து கற்க ஆசிரியர் துணிவதும், அதற்கான நேரத்தைக் கல்வித் திணைக்களம் வழங்குவதுமே வேண்டப்படுவன.

கொடையாளர் பூட்டிய இயந்திரத்தை அனுப்பாது, பாகங்களையும் உதிரித் திருகாணிகளையும் அனுப்புக. அதிபர் திறப்பைத் தம் மேசையில் வையாது மாணவர் கையிற் கொடுக்க. உப்புக்காற்றிற் திருகுக்கோல் துருப்பிடிக்கும். பிள்ளைகளே எண்ணெய் பூசுவர். முதற் சதுரம் கோணலாகவே வரும். அக்கோணற் சதுரத்தை எறியாது வகுப்பறைச் சுவரில் தொங்கவிடுக. இரண்டாவது சதுரம் நேராக வந்தது எவ்வாறு என்பதை அதுவே விளக்கும்.